மூச்சின் அளவும் இரத்த உறைவும்

நலமான நுரையீரலில் இரத்தத்தை உறையவைக்கும் ஏற்பாடும், உறைந்ததைக் கரைக்கும் ஏற்பாடும் அருகருகே இருக்கின்றன. ஒன்றை ஒன்று கட்டுக்குள் வைத்திருப்பதால்தான் காற்று நுண்ணறைகள் அடைபடாமல் திறந்திருக்கின்றன. நிமோனியா, உண்ணிக் காய்ச்சல், நீரில் மூழ்குதல், விபத்துக் காயம் போன்றவற்றால் நுரையீரல் பழுதுபடும்போது இந்தச் சமநிலை உறைவின் பக்கம் சாய்கிறது. அந்த நேரத்தில் உயிரைக் காக்கப் பொருத்தப்படும் வென்டிலேட்டர், காற்றைச் செலுத்தும் விசையைப் பொறுத்து, அந்தச் சாய்வைக் கூட்டவும் செய்யும், கூடாமல் காக்கவும் செய்யும். கடந்த அரை நூற்றாண்டில் தீவிர சிகிச்சை மருத்துவம் கற்றுக்கொண்ட பெரிய பாடங்களில் இது ஒன்று.

தென்காசி போன்ற மலையடிவார மாவட்டத்துக்கு இது நெருக்கமான செய்தி. திருநெல்வேலியிலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமான தென்காசியில் மேற்குத் தொடர்ச்சி மலையின் காடும், புதர்க்காடும், நெல்வயலும், அருவியும் அடுத்தடுத்து இருக்கின்றன. வயலில் கண்ணாடி விரியனும் கட்டு விரியனும் உண்டு. புதரும் வயலும் சந்திக்கும் இடங்களில் சிற்றுண்ணியின் கடியால் ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல் வரலாம். அருவிகளில் திடீர் வெள்ளம் வரும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் அப்படி வந்த வெள்ளம் ஓர் உயிரைக் கொண்டுபோனது. இந்த ஆபத்துகளில் எதில் சிக்கியவருக்கும் வென்டிலேட்டர் தேவைப்படக்கூடும்.

உறைவதும் கரைவதும்

இரத்தம் உறைவதை மிக எளிதாகக் காட்டும் சோதனை, பாம்புக்கடி சிகிச்சையில் இந்தியா முழுவதும் வழக்கத்தில் இருக்கும் 20 நிமிடச் சோதனை. சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் சுமார் 2 மில்லி இரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்திருந்து, பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்ப்பார்கள். கட்டியாகி நின்றால் உறைதல் சரியாக இருக்கிறது. தண்ணீர்போல் வழிந்தால் கண்ணாடி விரியன் போன்றவற்றின் நஞ்சு வேலை செய்திருக்கிறது. கண்ணாடி விரியனின் நஞ்சு உறைதல் காரணிகளில் ஐந்தாவதையும் பத்தாவதையும் நேரடியாகத் தூண்டிவிடும். உடம்பெங்கும் உறைதல் தாறுமாறாக நடந்து மூலப்பொருள் தீர்ந்துபோவதால், கடைசியில் இரத்தம் உறையவே முடியாத நிலை வருகிறது.

அந்த மூலப்பொருள் ஃபைப்ரினோஜன் என்னும் புரதம். ஆரோக்கியமானவரின் பிளாஸ்மாவில் அது லிட்டருக்கு 2 முதல் 4 கிராம் வரை கரைந்திருக்கும். திசு காயப்பட்டால் திசுக் காரணி என்னும் புரதம் வெளியே தெரியவரும். அது ஏழாவது காரணியோடு சேர்ந்து பத்தாவது காரணியை எழுப்ப, அதிலிருந்து த்ராம்பின் உருவாகிறது. த்ராம்பின் ஃபைப்ரினோஜனின் நுனிகளை நறுக்கிவிட்டால், அது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ஃபைப்ரின் இழைகளாக மாறும். இந்த இழைகள் பின்னிய வலையில் தட்டணுக்களும் சிவப்பணுக்களும் சிக்கிக்கொள்வதுதான் உறைகட்டி.

கரைக்கும் வேலையைச் செய்வது பிளாஸ்மின் என்னும் நொதி. அது பிளாஸ்மினோஜன் என்ற உறங்கும் வடிவில் இரத்தத்தில் இருக்கிறது. அதை எழுப்ப இரண்டு தூண்டிகள் உண்டு. இரத்தக்குழாய்க்குள் முக்கியமானது டி.பி.ஏ., காற்று நுண்ணறைக்குள் முக்கியமானது யூரோகைனேஸ். இந்த இரண்டையும் பிடித்து முடக்கிவிடும் புரதத்தின் பெயர் பி.ஏ.ஐ.-1. அது மிகுந்தால் பிளாஸ்மின் எழாது, ஃபைப்ரின் கரையாது. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு பேசப்பட்ட ‘டி-டைமர்’ என்பது பிளாஸ்மின் அறுத்துப்போட்ட ஃபைப்ரின் வலையின் துண்டு. அது இரத்தத்தில் கூடுதலாகத் தென்பட்டால், உடம்பில் எங்கோ வலை பின்னப்பட்டு அறுபட்டிருக்கிறது என்று பொருள்.

பழுதுபட்ட நுரையீரலில் நடப்பது

மனித நுரையீரலில் முப்பது கோடிக்கும் மேற்பட்ட காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. காற்றையும் இரத்தத்தையும் பிரிக்கும் சுவர் பல இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத மெல்லிய படலம். ஆக்சிஜன் எளிதில் கடப்பதற்கு ஏற்ற இந்த மென்மையே நோய்க்காலத்தில் பலவீனமாகிறது. உண்ணிக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமி இரத்தத் தந்துகிகளின் உட்சுவரைத் தாக்குகிறது. நன்னீரில் மூழ்கியவரின் மூச்சுக்குழலுக்குள் இறங்கும் நீர், நுண்ணறைகளைச் சுருங்கிப்போகாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்னும் படலத்தைக் கழுவிக் கெடுத்துவிடுகிறது. நிமோனியாவோ காற்றுப் பக்கத்திலிருந்து சுவரை அரிக்கிறது.

எந்த வழியாகத் தொடங்கினாலும் முடிவு பெரும்பாலும் ஒன்றுதான். சுவர் கசிந்து, புரதம் நிறைந்த பிளாஸ்மா நுண்ணறைக்குள் நிரம்புகிறது. நுரையீரல் கனத்து விறைத்துப்போகிறது. அமெரிக்க மருத்துவர்கள் ஆஷ்பாவும் அவருடைய கூட்டாளிகளும் 1967ஆம் ஆண்டில் 12 நோயாளிகளை வைத்து முதன்முதலில் விவரித்த இந்த நிலை, இன்று கடும் சுவாச இடர் நோய்க்குறி, சுருக்கமாக ஏ.ஆர்.டி.எஸ்., என்று வழங்குகிறது. 2016இல் வெளியான, 50 நாடுகளைத் தழுவிய ஆய்வொன்றின்படி, இதற்கு ஆளானவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள்.

கசியும் பிளாஸ்மாவோடு ஃபைப்ரினோஜனும் மற்ற உறைதல் காரணிகளும் நுண்ணறைக்குள் வந்துசேர்கின்றன. உள்ளே காயப்பட்ட சுவர்ச் செல்களும் அழற்சியால் கிளர்ந்த விழுங்கணுக்களும் திசுக் காரணியை ஏந்தி நிற்கின்றன. இரண்டும் சந்தித்த இடத்தில் ஃபைப்ரின் படிகிறது. பிணக்கூறாய்வில் நுண்ணறைச் சுவர்களை ஒட்டிப் பளபளப்பாகத் தெரியும் கண்ணாடிப் படலங்களில் இந்த ஃபைப்ரின் நிறைந்திருக்கும். அதே சமயம் பி.ஏ.ஐ.-1 பெருகுவதால் கரைக்கும் வேலை நின்றுபோகிறது.

இந்த உறைதல் பெரும்பாலும் நுரையீரலுக்குள்ளேயே நடக்கிறது. கையிலிருந்து எடுத்த இரத்தம் கண்ணாடிக் குழாயில் ஒழுங்காக உறையலாம், ஆய்வக எண்களும் ஏறக்குறைய சரியாக இருக்கலாம். ஆனால் மூச்சுக்குழல் வழியாக உப்புநீரைச் செலுத்தி நுண்ணறைகளைக் கழுவி எடுத்த நீரைச் சோதித்தால், அங்கே த்ராம்பின் உருவான தடயமும் பி.ஏ.ஐ.-1 பெருக்கமும் தெரியவரும். ஆகவே படுக்கையருகே செய்யும் சோதனைகளை மட்டும் வைத்து இந்த உறைவை அளந்துவிட முடியாது.

காற்றின் விசை

இயல்பான மூச்சில் உதரவிதானம் கீழிறங்கி நெஞ்சுக்கூடு விரிய, காற்று தானே உள்ளே இழுபடுகிறது. வென்டிலேட்டரோ காற்றை அழுத்தித் தள்ளுகிறது. பழுதுபட்ட நுரையீரலில் நீர் நிரம்பிய பகுதிகள் விரியாது. தள்ளப்படும் காற்று முழுவதும் எஞ்சியிருக்கும் நல்ல பகுதிக்கே போகிறது. சி.டி. ஸ்கேன் கொண்டு இதை ஆராய்ந்த இத்தாலிய மருத்துவர் லூசியானோ கட்டினோனி, கடுமையாகப் பாதிக்கப்பட்ட பெரியவரிடம் காற்றேறும் நுரையீரல் ஐந்தாறு வயதுக் குழந்தையின் நுரையீரல் அளவுக்கே இருப்பதைக் கண்டு, அதற்குக் ‘குழந்தை நுரையீரல்’ என்று பெயரிட்டார். பெரியவருக்கான காற்றைக் குழந்தையின் நுரையீரலுக்குள் நிமிடத்துக்கு இருபது முறை தள்ளினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

அதற்கான விடை 1974இல் வெப், டியர்னி என்னும் இரு ஆய்வாளர்கள் எலிகளில் செய்த சோதனையில் தெரியத் தொடங்கியது. நலமான நுரையீரல் கொண்ட எலிகளுக்கு 45 செ.மீ. நீர் அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, மூச்சு வெளியேறும்போது அழுத்தம் சுழியத்துக்கு இறங்கும்படி விட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குள் அவற்றின் நுரையீரலில் நீர் கோத்து, இரத்தமும் கசிந்தது. அதே உச்ச அழுத்தத்தில், மூச்சின் முடிவில் மட்டும் 10 செ.மீ. அழுத்தம் தங்கும்படி வைத்த எலிகளின் நுரையீரல் பெருமளவு தப்பியது. மூச்சின் முடிவில் நுண்ணறைகள் ஒட்டிப்போகாமல் தாங்கிநிற்கும் இந்த அழுத்தத்தைத்தான் தீவிர சிகிச்சைப் பிரிவில் ‘பீப்’ என்கிறார்கள்.

விசையைப் பற்றிய இந்த உண்மை குற்றாலத்துக்குப் போய்வந்தவர்களுக்குப் புதிதாக இருக்காது. பேரருவியின் நீர் உச்சியிலிருந்து நேரே தலையில் விழுவதில்லை. பாறையின் நடுவில் பொங்குமாங்கடல் என்னும் ஆழமான குழியில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்த பிறகே கீழே நிற்பவர்மேல் கொட்டுகிறது. அதனால்தான் சாரல் காலத்தில் அங்கே குளிக்க முடிகிறது. வெள்ளம் பெருகி அந்தத் தணிப்பையும் மீறினால் காவல்துறை குளிக்கத் தடை போடுகிறது. தண்ணீர் மாறுவதில்லை, விசைதான் மாறுகிறது. நுரையீரலுக்குள் போகும் காற்றுக்கும் அப்படி ஒரு தணிப்பு வேண்டும்.

விசை உறைவாக மாறும் வழி

அளவுக்கு மீறிய மூச்சு உறைதலைத் தூண்டுவதற்குப் பல வழிகள் இருக்கின்றன. முதலாவது, இழுவிசையால் சுவர்ச் செல்கள் கிழிந்து திசுக் காரணி வெளிப்படுகிறது. இரண்டாவது, சுவரின் கசிவு அதிகமாகி, உறைதலுக்கான மூலப்பொருள் இன்னும் கூடுதலாக உள்ளே வருகிறது. மூன்றாவது, இழுபட்ட செல்கள் தாமே அழற்சிச் சமிக்ஞைகளைச் சுரக்கின்றன. அந்தச் சமிக்ஞைகள் விழுங்கணுக்களில் திசுக் காரணியையும், செல்களில் பி.ஏ.ஐ.-1ஐயும் பெருக்குகின்றன. நான்காவது, உறைதலுக்குக் கடிவாளமாக இருக்கும் ஆன்டித்ராம்பின் செலவாகித் தீர்கிறது. இன்னொரு கடிவாளமான புரோட்டீன்-சியை எழுப்பிவிடும் த்ராம்போமாடுலின் செல்பரப்பிலிருந்து உதிர்ந்துபோகிறது. முடுக்கம் கூடி, கடிவாளம் நழுவி, கரைக்கும் வேலையும் முடங்குவதால் ஃபைப்ரின் சேர்ந்துகொண்டே போகிறது.

2005, 2006 ஆண்டுகளில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதை எலிகளில் படிப்படியாகச் சோதித்தார்கள். நலமான நுரையீரலுக்கே மிகை அழுத்தத்தில் காற்றைச் செலுத்தியபோது கரைக்கும் திறன் ஒடுங்கியது. பாக்டீரியாவின் நச்சுப்பொருளை முன்கூட்டியே கொடுத்துப் பழுதாக்கிய நுரையீரலிலும் வென்டிலேட்டரின் அமைப்புக்கு ஏற்ப அந்தத் திறன் மாறியது. நோயும் விசையும் சேரும்போது பாதிப்பு கூடுகிறது என்பதே இந்த வகை ஆய்வுகள் காட்டும் பொதுவான முடிவு.

மனிதர்களிடமும் இது பார்க்கப்பட்டிருக்கிறது. நுரையீரல் நோய் ஏதும் இல்லாமல், ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ நீளும் அறுவை சிகிச்சைக்கு வந்த 40 பேரை நெதர்லாந்து மருத்துவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஒவ்வொரு மூச்சிலும் எடையில் கிலோவுக்கு 12 மில்லி வீதம், ‘பீப்’ இல்லாமல் காற்று கொடுத்தார்கள். மறு பிரிவுக்குக் கிலோவுக்கு 6 மில்லி வீதம், 10 செ.மீ. ‘பீப்’ வைத்துக் கொடுத்தார்கள். 2006இல் வெளியான முடிவின்படி, பெரிய மூச்சு பெற்றவர்களின் நுண்ணறைகளில் த்ராம்பின் உருவான தடயம் ஏறியது, சிறிய மூச்சு பெற்றவர்களிடம் அது தடுக்கப்பட்டது.

இந்த முடிவு கட்டு விரியன் கடித்தவருக்கும் பொருந்தும். கட்டு விரியனின் நஞ்சு தசைகளை முடக்குகிறது. அவருடைய நுரையீரல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், தசை செய்ய வேண்டிய வேலையை மட்டுமே வென்டிலேட்டர் செய்கிறது. நஞ்சு இறங்கும் வரை அந்த நல்ல நுரையீரலை நல்லபடியாகக் காப்பதும் சிகிச்சையின் ஒரு பாதிதான்.

ஃபைப்ரின் செய்யும் கெடுதி

நுண்ணறையில் படிந்த ஃபைப்ரின் மூன்று விதமாகக் கெடுதி செய்கிறது. சர்ஃபாக்டன்டைத் தன் வலைக்குள் சிறைப்பிடித்து அதன் வேலையைக் கெடுக்கிறது. அதனால் நுண்ணறை சுருங்கி ஒட்டிப்போகிறது. அதைத் திறக்க அழுத்தத்தைக் கூட்ட வேண்டியிருக்கிறது. கூட்டிய அழுத்தம் மேலும் ஃபைப்ரினை உண்டாக்குகிறது. சுழல் இப்படித்தான் இறுகுகிறது.

தந்துகிகளுக்குள் உண்டாகும் நுண்கட்டிகள் இரத்த ஓட்டத்தை மறிப்பது இரண்டாவது கெடுதி. காற்று சென்றுசேரும் நுண்ணறைக்கு இரத்தம் வந்துசேராது. மூச்சு வீணாகும், இதயத்தின் வலப்பக்கத்துக்குச் சுமை கூடும். 2020இல் கொரோனாவால் இறந்த ஏழு பேரின் நுரையீரலை ஆராய்ந்தவர்கள், இன்ஃப்ளூயன்சாவால் இறந்தவர்களைவிட ஒன்பது மடங்கு தந்துகி நுண்கட்டிகளைக் கண்டார்கள்.

மூன்றாவது கெடுதி மெல்ல வருவது. கரையாமல் நிற்கும் ஃபைப்ரின் வலையைச் சாரக்கட்டுபோல் பற்றிக்கொண்டு நார்ச்செல்கள் நுண்ணறைக்குள் ஏறுகின்றன. மென்மையான திசு இருந்த இடத்தில் தழும்பு உருவாகிறது. பி.ஏ.ஐ.-1 மரபணுவே இல்லாத எலிகளில், ப்ளியோமைசின் என்னும் மருந்தால் நுரையீரலைக் காயப்படுத்தியபோது தழும்பு குறைவாக இருந்ததை 1996இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளிலும், பி.ஏ.ஐ.-1 உயர்ந்தும் புரோட்டீன்-சி தாழ்ந்தும் இருந்தவர்களிடையே இறப்பு கூடுதலாகக் காணப்பட்டது.

மருந்துகள் தந்த ஏமாற்றம்

உறைவுதான் கெடுதி என்றால் உறைவுத் தடுப்பு மருந்தைக் கொடுத்தால் தீராதா என்ற கேள்வி இயல்பாக எழும். அது பெரிய அளவில் சோதித்துப் பார்க்கப்பட்டது. செப்சிஸ் என்னும் தொற்றுப் பாதிப்பு கடுமையாகக் கண்ட 2,314 பேரிடம் நடந்து 2001இல் வெளியான ஆன்டித்ராம்பின் ஆய்வில் இறப்பு குறையவில்லை, இரத்தக்கசிவு கூடியது. அதே ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற, எழுப்பப்பட்ட புரோட்டீன்-சி மருந்து, பிந்தைய ஆய்வில் பயன் தராததால் 2011 அக்டோபரில் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. 2021இல் வெளியான கொரோனா ஆய்வுகளில் ஹெப்பாரின் என்னும் உறைவுத் தடுப்பு மருந்து முழு அளவில், அவ்வளவாக முற்றாத நோயாளிகளுக்கு உதவியது. தீவிர சிகிச்சைப் பிரிவை எட்டிவிட்டவர்களுக்கு உதவவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. ஃபைப்ரினுக்கு நல்ல வேலையும் உண்டு. கிருமியைச் சூழ்ந்து பரவாமல் நிறுத்துவதும், கிழிந்த தந்துகியை அடைத்து இரத்தம் வடியாமல் காப்பதும் அதுவே. உடம்பு முழுவதும் உறைதலைத் தடுத்தால் அந்தக் காவலும் சேர்ந்து போய்விடுகிறது. மருந்தை நுரையீரலுக்குள் மட்டும் சேர்ப்பது என்ற எண்ணத்தில், ஹெப்பாரினை ஆவித்துளிகளாக மூச்சுவழியே கொடுக்கும் ஆய்வுகள் நடந்தன. 2021இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் நோயாளிகளின் பிற்கால உடலியக்கத் திறன் இதனால் கூடவில்லை. ஆனாலும் நுரையீரல் பழுது முற்றுவது குறைந்தது, வீடு திரும்புவதும் விரைவானது. நம்பிக்கைக்கு இடமுண்டு என்றாலும், நடைமுறைச் சிகிச்சையாகும் நிலையை அது இன்னும் எட்டவில்லை.

அளக்கும் நாடாவின் வலிமை

விலை உயர்ந்த மருந்துகள் தராத பலனை, காற்றின் அளவைக் குறைத்தது தந்தது. அமெரிக்காவில் ஏ.ஆர்.டி.எஸ். ஆய்வு வலையமைப்பு 861 பேரிடம் நடத்தி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் கிலோவுக்கு 12 மில்லி மூச்சும் 6 மில்லி மூச்சும் ஒப்பிடப்பட்டன. பெரிய மூச்சு பெற்றவர்களில் 39.8 விழுக்காட்டினர் இறந்தார்கள். சிறிய மூச்சு பெற்றவர்களில் அது 31 விழுக்காடு. பயன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.

இங்கே கிலோ என்பது எடைத்தராசு காட்டும் எடை இல்லை. உடம்பு பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை. அதன் அளவு உயரத்தைப் பொறுத்தது. ஆகவே படுத்திருக்கும் நோயாளியைத் தலை உச்சியிலிருந்து குதிகால்வரை நாடாவால் அளந்து, உயரத்திலிருந்து எடையைக் கணக்கிடுகிறார்கள். பெண்ணாக இருந்தால், சென்டிமீட்டரில் உள்ள உயரத்திலிருந்து 152.4ஐக் கழித்து, 0.91ஆல் பெருக்கி, 45.5ஐக் கூட்ட வேண்டும். ஆணுக்குக் கடைசியில் 50ஐக் கூட்ட வேண்டும். 150 செ.மீ. உயரமும் 65 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணுக்கு இந்தக் கணக்கில் கிடைப்பது சுமார் 43 கிலோ. அவருக்குரிய மூச்சு ஏறத்தாழ 260 மில்லி. தராசு எடையை வைத்து, கிலோவுக்குப் பத்து மில்லி என்று கண்மதிப்பாகக் கொடுத்தால் 650 மில்லி ஆகிவிடும். இது அவருக்குரிய அளவைப்போல் இரண்டரை மடங்கு.

சிறிய மூச்சோடு, மூச்சின் உச்சியில் நிலைக்கும் அழுத்தம் 30 செ.மீ.க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது, தேவையான அளவு ‘பீப்’ வைப்பது, கடுமையான நிலையில் நோயாளியைக் குப்புறப் படுக்கவைப்பது ஆகியவையும் சேர்கின்றன. குப்புறப் படுக்கும்போது முதுகுப்பக்கத்து நுண்ணறைகள் திறந்து, விசை நுரையீரல் முழுவதும் பரவிவிடுகிறது. பிரெஞ்சு மருத்துவர்கள் தலைமையில் 466 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், இப்படிச் செய்ததால் 28 நாளுக்குள் நேரும் இறப்பு 32.8 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைந்தது.

இவ்வளவு தெரிந்திருந்தும் நடைமுறை பின்தங்கியே இருக்கிறது. முன்பு சொன்ன 50 நாட்டு ஆய்வில், கிலோவுக்கு 8 மில்லியோ அதற்குக் குறைவாகவோ மூச்சு பெற்றவர்கள் மூன்றில் இரண்டு பங்கைக்கூட எட்டவில்லை.

தென்காசியில் இந்தக் கணக்கு மருத்துவமனை வாசலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. உயர்சிகிச்சைக்காகத் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்படும் நோயாளி, ஆம்புலன்சில் சுமார் 50 கி.மீ. பயணம் செய்ய வேண்டும். வழியில் ஆம்பு பையைக் கையால் அமுக்கி மூச்சு கொடுக்க நேர்ந்தால், ஒவ்வோர் அமுக்கலும் ஒரு மூச்சு. பெரியவர்களுக்கான பையில் ஒரு லிட்டருக்கும் மேல் காற்று இருக்கும். முழுவதும் நசுக்காமல், நெஞ்சு லேசாக எழும்பும் அளவுக்கு மட்டும், ஐந்தாறு நொடிக்கு ஒருமுறை நிதானமாக அமுக்குவதே அங்கே நுரையீரலைக் காக்கும் முறை. பதற்றத்தில் வேகமாகவும் முழுமையாகவும் அமுக்கினால், ஒரு மணி நேரப் பயணத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மிகை மூச்சுகள் அந்த நுரையீரலுக்குள் போய்விடும்.

மீளும் நுரையீரல்

அடிப்படை நோய்க்கு உரிய மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் அழற்சி தணிகிறது. உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் அத்தகைய மருந்துகள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் இந்தியாவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், கடும் உண்ணிக் காய்ச்சலுக்கு இரண்டில் ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது நல்ல பலன் தருவதாகத் தெரிந்தது. அழற்சி தணிந்தால் பி.ஏ.ஐ.-1 இறங்கும். யூரோகைனேஸின் கை ஓங்கும். எழுந்த பிளாஸ்மின் ஃபைப்ரின் வலையை இழையிழையாக அறுக்க, விழுங்கணுக்கள் மிச்சத்தை அள்ளிச்செல்லும். சர்ஃபாக்டன்ட் மறுபடியும் சுரந்து, நுண்ணறைகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். பிழைத்தவர்களில் பலருக்கு ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் நுரையீரலின் கொள்ளளவு இயல்புக்கு அருகே திரும்பிவிடுகிறது. தசையின் தளர்ச்சி இன்னும் நெடுநாள் நீடிக்கலாம்.

உறைந்ததைக் கரைப்பது உடம்பின் வேலை. அது தன் வேலையைச் செய்துமுடிக்கும் வரை ஆக்சிஜனைக் கொண்டுசேர்ப்பதும், புதிதாக ஃபைப்ரின் படிய இடம் கொடுக்காமல் இருப்பதும் வென்டிலேட்டரின் வேலை. அதை இயக்குபவர் முதலில் கையில் எடுக்க வேண்டிய கருவி, நோயாளியின் உயரத்தை அளக்கும் நாடா.